வருத்தத்தால் தீராத கணக்கு

2009 மார்ச் 17 அன்று நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபை 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொடருக்காக ஓர் அமர்வையே நடத்தியது. கடைசிப் பகுதி ஒளிபரப்பாக இன்னும் மூன்று நாள் இருந்தது. தளபதி அடாமாவாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸும் அதிபர் ராஸ்லினாக நடித்த மேரி மெக்டானலும் தொடரை உருவாக்கிய ரொனால்ட் மூரோடும் டேவிட் ஐக்கோடும் அமர்ந்து மனித உரிமை, பயங்கரவாதம், சமரசம் பற்றிப் பேசினார்கள். சைலான்கள் என்ற இயந்திர இனத்தின் தாக்குதலில் மிஞ்சிய மனிதர்கள் கப்பல்களில் விண்வெளியில் ஓடும் கதை அது. ஓர் அறிவியல் புனைவுத் தொடருக்கு இப்படியொரு மரியாதை கிடைப்பது அரிது. அதை நினைவூட்டாமல் ரசிகர்கள் தங்கள் வாதத்தைத் தொடங்குவதில்லை. அந்த வாதம் இதுதான்: இத்தொடரின் தலைவர்கள் தவறு செய்கிறார்கள், ஆனால் அந்தத் தவறின் பாரத்தை உணர்கிறார்கள், ஆகவே அவர்கள் நேர்மையான தலைவர்கள். பல ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருப்பது இந்த 'ஆகவே'தான்.

ரசிகர்கள் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈராக்கில் அமெரிக்கப் படை நின்றிருந்த 2006இல், சைலான்கள் பிடித்த நியூ காப்ரிகா கோளில் நாயகர்களையே ஆக்கிரமிக்கப்பட்டவர்களாக நிறுத்தி, அவர்களில் ஒருவன் உடம்பில் வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு போவதைத் தொடர் காட்டியது. ரசிகர்கள் அதை விட்டு ஓடாமல் உட்கார்ந்து விவாதித்தார்கள். ஒலிம்பிக் கேரியர் என்ற பயணிகள் கப்பலைச் சுட்ட விஷயத்திலும் அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 33 நிமிடத்துக்கு ஒருமுறை சைலான்கள் வந்து தாக்குகிறார்கள்; ஐந்து நாளாக யாரும் தூங்கவில்லை; 1,345 பேர் ஏறியிருந்த ஒரு கப்பல்தான் எதிரிக்கு வழிகாட்டுகிறது என்ற சந்தேகம் வலுக்கிறது. அந்தக் கப்பலைச் சுடும் முடிவை நான் எடுத்திருக்க மாட்டேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆனால் அந்த ஒரு முடிவின் நியாயத்தை அடாமாவும் ராஸ்லினும் செய்த மற்ற எல்லாவற்றுக்கும் ரசிகர்கள் நீட்டிவிட்டார்கள். இது எவ்வளவு தூரம் போகிறது என்பது இன்னொரு போர்க்கப்பலின் தளபதியான அட்மிரல் கெய்ன் வரும்போது தெரிகிறது. கெய்ன் தன்னோடு வந்த பொதுமக்கள் கப்பல்களிலிருந்து உதிரிபாகங்களைப் பிடுங்கினார். தனக்கு வேண்டிய ஆட்களை இழுத்துக்கொண்டார். மறுத்தவர்களின் குடும்பங்களைச் சுடவைத்தார். கொடியவர் என்பது ரசிகர்களின் தீர்ப்பு. என் தீர்ப்பும் அதுவே. அதே பகுதிகளில் ராஸ்லின் என்ன செய்கிறார்? கெய்னைக் கொன்றுவிடும்படி அடாமாவுக்கு ஆலோசனை சொல்கிறார். அடாமா அந்த வேலையைத் தன் விமானி ஸ்டார்பக்கிடம் ஒப்படைக்கிறார். கடைசி நிமிடத்தில் அதைக் கைவிட்டதை அடாமாவின் உயர்ந்த உள்ளத்துக்குச் சான்றாக ரசிகர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அடாமாவைக் கொல்ல கெய்னும் ஆள் ஏற்பாடு செய்திருந்தார், அவரும் அதே நேரத்தில் அதைக் கைவிட்டார் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

இருவரையும் இப்படிப் பிரித்துப் பார்க்க வைப்பது எது? அடாமாவின் அறையை நாம் அறிவோம். அவருடைய புத்தகங்களையும் அவர் பொறுமையாக ஒட்டிச் சேர்க்கும் பாய்மரக் கப்பலையும் அறிவோம். ராஸ்லினின் மார்பில் வளரும் புற்றுநோயை அவருடைய அமைச்சரவைக்கு முன்பே நாம் அறிவோம். கேமரா அவர்கள் முகத்தருகே நின்று, ஒவ்வொரு உத்தரவுக்குப் பிறகும் அந்த முகம் துவண்டுபோவதைக் காட்டுகிறது. அந்தத் துவளலைத் தண்டனையாகவே நாம் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம். கெய்ன் நம் முன்னால் வருந்தவில்லை. அதனால் அவர் கணக்கு அப்படியே நிற்கிறது.

என் அடிப்படை ஆட்சேபம் இங்கேதான். தலைவர் பட்ட கடன் கப்பல்களில் அடைந்து கிடக்கும் மக்களிடம். அவர் அதைத் திருப்பிச் செலுத்துவதோ பார்வையாளர்களான நம்மிடம். அடாமா தன் அறைக்குள் குமைவதைக் குழாயும் இரைச்சலுமான ஒரு சரக்குக் கப்பலில் இருக்கும் தாய் பார்ப்பதில்லை. அடாமாவின் துணைத் தளபதி கர்னல் டை ராணுவச் சட்டம் அறிவித்தபோது கிடியன் கப்பலில் வீரர்கள் சுட்டு நான்கு பேர் செத்தார்கள். யாரும் கூண்டில் ஏற்றப்படவில்லை. டை குடித்தார், கலங்கினார். நாம் அவருக்காக இரங்கினோம். செத்த நால்வரின் வீட்டுக்காரர்களுக்கு அந்த இரக்கத்தால் என்ன கிடைத்தது?

மனித உருவிலான சைலான் கைதி லியோபனுக்கு உயிர் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு ராஸ்லின் அவனை ஏர்லாக் வழியாக வெற்றுவெளியில் தள்ளவைக்கிறார். வாக்கு மீறிய கொலை. ரசிகர்கள் அதிலிருந்து 'மேடம் ஏர்லாக்' என்று அவருக்கு ஒரு செல்லப்பெயர் செய்துகொண்டார்கள். ஒரு கொலையைச் செல்லப்பெயராக்கிய கூட்டம் அதை எடைபோடும் தகுதியை இழந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

தேர்தல் விஷயத்தில் இந்தப் பழக்கம் இன்னும் ஆபத்தாகிறது. எதிர்த்துப் போட்டியிட்ட பால்ட்டரிடம் தோற்கப்போவதை உணர்ந்த ராஸ்லினின் தரப்பு வாக்குகளை மாற்றுகிறது. அடாமாவின் அதிகாரி கேட்டா கண்டுபிடிக்கிறார், அடாமா தடுக்கிறார். பால்ட்டர் மக்களை நியூ காப்ரிகாவில் குடியேற்ற, சைலான்கள் வந்து பிடித்துக்கொள்கிறார்கள். உடனே ரசிகர்கள் சொல்கிறார்கள்: பார்த்தீர்களா, திருடவிட்டிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள். கதையின் முடிவைத் தெரிந்துகொண்டு முந்தைய குற்றத்தை நியாயப்படுத்தும் வாதம் இது. மக்கள் ஏன் அப்படி வாக்களித்தார்கள் என்று இவர்கள் கேட்பதே இல்லை. மாதக்கணக்கில் இரும்புப் பெட்டிகளுக்குள் கிடந்தவர்கள் மண்ணில் கால் வைக்க ஆசைப்பட்டார்கள். கப்பல்கள் எல்லாம் சேர்ந்து ஒருமுறை வாய் திறந்தன. அந்த ஒரு முறையையும் செல்லாது என்று அறிவிக்க ரசிகர்கள் தயாராக இருக்கிறார்கள்.

'டர்ட்டி ஹேண்ட்ஸ்' பகுதியை எடுத்துக்கொள்வோம். எரிபொருள் சுத்திகரிப்புக் கப்பலில் பிள்ளைகள்கூட வேலை செய்கிறார்கள். பெற்றோரின் வேலை பிள்ளைகள் தலையில் இறங்குகிறது. அடாமாவின் கப்பலில் தொழில்நுட்பக் குழுவின் தலைவரான டிரோல் வேலைநிறுத்தம் அறிவிக்கிறார். அவருடைய மனைவி காலியைச் சுவரோரம் நிறுத்திச் சுடுவேன் என்கிறார் அடாமா. டிரோல் பணிகிறார். பிறகு ராஸ்லினோடு பேச்சு நடக்கிறது, தொழிற்சங்கம் ஏற்கப்படுகிறது. அது வெறும் மிரட்டல், அடாமா சுட்டிருக்க மாட்டார் என்று அவருக்காக வாதாடுபவர்கள் சொல்கிறார்கள். டிரோல் அப்படி நம்பவில்லை. அடாமாவை நம்மைவிட நெருக்கமாக அறிந்தவர் அவர். கெய்ன் மறுத்தவர்களின் குடும்பத்தைச் சுட்டார். அடாமா அதையே செய்வேன் என்று சொல்லிக் காரியத்தை முடித்துக்கொண்டார். இடையே உள்ள தூரத்தைப் பெரிதாக்கிக் காட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.

நியூ காப்ரிகாவில் சைலான்களோடு ஒத்துழைத்ததாகப் பால்ட்டர் மேல் நடந்த விசாரணையில் அடாமாவின் மகன் லீ சாட்சிக் கூண்டில் இருந்து பேசும் இடம் ரசிகர்கள் மிகவும் போற்றுவது. ராணுவப் புரட்சி செய்த தந்தை, தற்கொலைத் தாக்குதலை ஏவிய டை, பயணிகள் கப்பலைச் சுட்ட தான் என்று மன்னிக்கப்பட்டவர்களை அவர் வரிசையாகச் சொல்கிறார். மன்னிப்பின் மகத்துவத்தைச் சொல்லும் பேச்சாக அதை எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு குற்றப்பத்திரிகையாகவே கேட்கிறது. அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் எல்லோரும் தளபதிக்கு நெருங்கியவர்கள். மன்னித்தவர்களும் அந்த நெருங்கிய வட்டத்துக்காரர்களே. நாம் ஒரு நாகரிகமாக இல்லாமல் ஒரு கும்பலாகிவிட்டோம் என்பதுதான் லீ அங்கே சொல்லவருவது. ரசிகர்கள் அந்தக் கும்பலின் மன்னிக்கும் குணத்தைக் கைதட்டிப் பாராட்டினார்கள்.

அந்தக் குற்றப்பத்திரிகையைக் கடைசியில் கையில் எடுத்தவர் கேட்டா. வாக்கு மோசடியைக் கண்டுபிடித்தவர், நியூ காப்ரிகாவில் எதிர்ப்புப் படைக்கு ரகசியமாகச் செய்தி அனுப்பியும், துரோகி என்று ஏர்லாக் வாசல்வரை இழுத்துச் செல்லப்பட்டவர், காலை இழந்தவர். தங்கள் இனத்தையே அழித்த சைலான்களில் ஒரு பிரிவோடு அடாமா கூட்டணி வைத்து, அவர்களுடைய தொழில்நுட்பத்தைக் கப்பல்களில் பொருத்த உத்தரவிட்டபோது அவர் கலகம் செய்தார். கலகத்தில் அவரோடு சேர்ந்த துணை அதிபர் ஸாரெக் மக்கள் பிரதிநிதிகளைச் சுட்டுக் கொன்றது மன்னிக்க முடியாதது. கேட்டாவே அதைக் கண்டு நிலைகுலைந்தார். ஆனால் கலகம் எழக் காரணமான கேள்வி, எங்களைக் கேட்காமல் எங்கள் உயிரை யார் பணயம் வைத்தார் என்ற கேள்வி, கேட்டாவோடு சேர்த்துச் சுடப்பட்டது. ரசிகர்கள் அவரைத் துரோகி என்று வெறுத்தார்கள். கலகம் செய்த லீயை மன்னித்தார்கள், புரட்சி செய்த அடாமாவை மன்னித்தார்கள். கேட்டாவுக்கு மட்டும் சட்டம் நினைவுக்கு வந்தது.

சிலப்பதிகாரப் பாண்டியன் தன் தீர்ப்பு பிழை என்று உணர்ந்த கணத்திலேயே உயிர் விட்டான். ஓர் அரசன் அதற்கு மேல் வருந்த முடியாது. அப்படியும் மதுரை எரிந்தது. அரசனின் வருத்தத்தை மதிக்கும் அந்தக் காப்பியம் அதைக் கண்ணகியின் கணக்கில் வரவு வைக்கவில்லை. இந்தத் தெளிவைத்தான் நான் அடாமாவின் ரசிகர்களிடம் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

கடைசிப் பகுதியில் சுமார் 38,000 பேர் ஒரு புதிய பூமியில் இறக்கப்படுகிறார்கள். அவர்களுடைய கப்பல்கள் சூரியனுக்குள் அனுப்பப்படுகின்றன. மருத்துவமும் கருவிகளும் அவற்றோடு போகின்றன. மக்கள் இசைந்துவிட்டார்கள் என்பது ஓரிரு வசனத்தில் முடிந்துவிடுகிறது. யாரும் வாக்களித்ததைக் காட்டவில்லை. அந்த முடிவைப் பற்றி ரசிகர்கள் கடவுள் உண்டா, தேவதைகள் யார் என்று சண்டையிட்டார்கள். அடாமா ராஸ்லினைப் புதைத்த மேட்டருகே தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் முதல் குளிர்காலத்தில் காய்ச்சலில் கிடக்கும் ஒரு குழந்தைக்கு மருந்தில்லாமல் போகும்போது, அந்த மேட்டருகே இருப்பவரின் துக்கம் எந்தத் தாய்க்கும் பதிலாகாது.