தாண்டிப் போகும் அத்தியாயங்கள்: ‘மோபி டிக்’ ஆய்வுகள் குறித்து

1851 அக்டோபரில் லண்டன் பதிப்பாளர் ரிச்சர்ட் பென்ட்லி மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்த ஹெர்மன் மெல்விலின் ‘தி வேல்’ நாவலில் பின்னுரை விடுபட்டிருந்தது. கப்பல் மூழ்குகிறது, கேப்டன் சாகிறான், மாலுமிகள் அத்தனை பேரும் கடலுக்குள் போகிறார்கள்; இஷ்மேல் என்ற ஒருவன் மட்டும் சவப்பெட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு பிழைத்தான் என்று சொல்லும் பகுதியே அந்தப் பின்னுரைதான். எல்லாரும் செத்துப்போன பின் கதையைச் சொல்வது யார் என்று லண்டன் மதிப்புரையாளர்கள் கேட்டார்கள். நவம்பரில் நியூயார்க்கில் ஹார்ப்பர் நிறுவனம் ‘மோபி டிக்’ என்ற பெயரில் வெளியிட்ட பதிப்பில் பின்னுரை இருந்தது. ஆனாலும் லண்டனின் கடுமையான மதிப்புரைகள் அதற்குள் அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு வந்து சேர்ந்துவிட்டன. ஒரு பக்கம் விடுபட்டதால் எழுந்த அந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் முறையாகக் கையில் எடுக்க நூறு ஆண்டு ஆனது.

மெல்வில் உயிரோடு இருந்தவரை இந்த நாவல் மூவாயிரத்துச் சொச்சம் பிரதிகளே விற்றது. 1853-இல் ஹார்ப்பர் கிடங்கில் பிடித்த தீயில் மிச்சமிருந்தவற்றில் பெரும்பாலானவையும் எரிந்தன. 1866 முதல் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாகப் பத்தொன்பது ஆண்டு வேலை பார்த்த அவர் 1891-இல் இறந்தபோது, வாசகர்களில் பெரும்பாலோர் அவரை மறந்திருந்தார்கள். 1919-இல் அவருடைய நூற்றாண்டு வந்தது. ரேமண்ட் வீவர் 1921-இல் முதல் முழு வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1923-இல் டி. எச். லாரன்ஸ், அமெரிக்க இலக்கியம் பற்றிய தம் புத்தகத்தில் மோபி டிக்கை வெள்ளை இனத்தின் அழிவைச் சொல்லும் நாவலாகப் படித்தார். ஆய்வுத்துறை இங்கேதான் தொடங்குகிறது.

முதல் தலைமுறை ஆய்வாளர்களின் கண் முழுக்கக் கேப்டன் ஆகாப் மேல்தான். ஒற்றைக்காலோடு மேல்தளத்தில் நிற்கும் கிழவன், தன் காலைத் தின்ற வெண்திமிங்கலத்தைப் பழிவாங்கக் கப்பலையும் மாலுமிகளையும் பணயம் வைப்பவன். எஃப். ஓ. மத்தியசன் 1941-இல் எழுதிய ‘அமெரிக்கன் ரினைசான்ஸ்’ ஆகாபின் பேச்சில் ஷேக்ஸ்பியர் எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறார் என்று வரிவரியாகக் காட்டியது. சார்ல்ஸ் ஓல்சன் இன்னும் ஒரு படி போய், மெல்வில் வைத்திருந்த ஷேக்ஸ்பியர் தொகுதிகளையே அவருடைய பேத்தியிடம் கண்டெடுத்து, அவற்றின் ஓரக்குறிப்புகளிலிருந்து ஆகாப் பிறந்த விதத்தை 1947-இல் வந்த ‘கால் மீ இஷ்மேல்’ நூலில் எழுதினார். ஓல்சனின் சிறிய புத்தகம் இன்றும் படிக்க வேண்டியது. மற்றவர்கள் ஆகாபை அவல நாயகன் என்று பார்த்த காலத்தில், திமிங்கல வேட்டை அமெரிக்காவின் பெரிய தொழில்களில் ஒன்று, ஆகாபின் பெக்வாட் கப்பல் ஒரு தொழிற்சாலை என்பதை அழுத்திச் சொன்னவர் அவர்.

அடுத்து இஷ்மேல். 1951-இல், நாவல் வெளிவந்த நூற்றாண்டில், வால்டர் பெசன்சன் நிகழ்த்திய உரை இரண்டு இஷ்மேல்களைப் பிரித்துக் காட்டியது. ஒருவன் கப்பலில் ஏறிய இளைஞன். மற்றவன் பல ஆண்டு கழித்து உட்கார்ந்து அதை எழுதுகிறவன். இப்படிப் பிரித்த பிறகு நாவலின் அமைப்பே வேறாகத் தெரிந்தது. தனக்குப் புரியாத ஒன்றைத் திமிங்கலத்தின் தோல், தலை, எலும்பு, வால் என்று ஒவ்வொரு பக்கமாகச் சுற்றிவந்து புரிந்துகொள்ளப் பார்க்கிறவனின் மனம் நாவலின் நடுப்பகுதிக்கு வந்தது. லண்டன் மதிப்புரையாளர்களின் கேள்விக்குச் சரியான பதில் இது என்றே எனக்குப் படுகிறது.

ஆனாலும் அந்த நடுப்பகுதியைத்தான் வாசகர்கள் தாண்டிப் போகிறார்கள். திமிங்கலங்களைப் புத்தகங்களைப் போல அளவுவாரியாக வகைப்படுத்தும் 32-ஆம் அத்தியாயத்தில் பலரும் நின்றுவிடுகிறார்கள். சுருக்கப் பதிப்புகளில் முதலில் வெட்டப்படுவதும் இப்படித் திமிங்கலத்தையும் வேட்டைத் தொழிலையும் விவரிக்கும் அத்தியாயங்கள்தான். பாத்திரம், கருப்பொருள், களம் என்று மூன்று தலைப்பில் குறிப்பெழுதச் சொல்லும் வகுப்பறையில் இந்த அத்தியாயங்களுக்கு இடமில்லை. களம் என்ற தலைப்பின்கீழ் ‘கடல், கப்பல்’ என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் தொல்காப்பியம் தொழிலை ஒரு நிலத்துக்குரிய கருப்பொருளில் ஒன்றாக வைக்கிறது. நிலமும் பொழுதும், அந்த நிலத்தின் தொழிலும், அங்கே வாழ்கிறவர்களின் உணர்வும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்று பார்த்துப் பழகிய நமக்கு, மெல்விலின் தொழில் அத்தியாயங்கள் கதைக்கு வெளியே நிற்பதாகத் தோன்ற வேண்டியதில்லை.

ஒரே ஓர் அத்தியாயத்தை எடுத்துப் பார்க்கலாம். 60-ஆம் அத்தியாயம் முழுக்க ஈட்டியோடு கட்டும் வடத்தைப் பற்றியது. முக்கால் அங்குலம்கூட இல்லாத தடிமன். இருநூறு பாகத்துக்கு மேல் நீளம். அமரத்துக்குப் பக்கத்தில் தொட்டியில் பிசிறில்லாமல் சுருட்டி வைப்பார்கள். அங்கிருந்து பின்முனைக் கட்டையைச் சுற்றி, தண்டு வலிப்பவர்களுக்கு இடையே புகுந்து, ஒவ்வொருவரின் துடுப்பின்மேலும் படிந்து அணியத்துக்குப் போகிறது. ஈட்டி பாய்ந்ததும் திமிங்கலம் ஓடும். வடமும் அதே வேகத்தில் ஓடும். அப்போது கையோ காலோ அதில் சிக்கினால் ஆள் போனான். முன்பு சணலில் திரித்த இந்த வடத்தை இப்போது அமெரிக்கக் கப்பல்களில் மணிலா நாரில் திரிக்கிறார்கள் என்பதையும் இஷ்மேல் சொல்லிவைக்கிறான். எழுபத்தைந்து அத்தியாயம் தள்ளி, மூன்றாம் நாள் துரத்தலில், ஆகாபின் கழுத்தில் சுற்றி அவனைப் படகிலிருந்து பிடுங்கிக்கொண்டு போவது இந்த வடம்தான். 60-ஐத் தாண்டிப் போன வாசகருக்கு ஆகாபின் சாவு திடீர் விபத்து. அதைப் படித்தவருக்கோ, அந்தப் படகில் உட்கார்ந்த எல்லாரும் நாள்தோறும் கழுத்தருகே வைத்திருந்த சாவு அது.

இந்த அத்தியாயங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனவர் ஹோவர்ட் வின்சென்ட். 1949-இல் வந்த அவருடைய ஆய்வு, மெல்வில் தாமஸ் பீல், ஃபிரெடரிக் பென்னட், வில்லியம் ஸ்கோர்ஸ்பி போன்றவர்களின் திமிங்கல நூல்களை எப்படி எடுத்தாண்டார் என்று பக்கம் பக்கமாகக் காட்டுகிறது. மெல்வில் கோடிட்டுப் படித்த பீலின் நூல் இன்றும் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கிறது. அவர் வெறும் புத்தகப் பூச்சியும் அல்ல: 1841 ஜனவரியில் அகுஷ்நெட் என்ற வேட்டைக் கப்பலில் ஏறி, அடுத்த ஆண்டு மார்க்கெசாஸ் தீவுகளில் கப்பலை விட்டு ஓடியவர். அனுபவமும் நூலறிவும் எங்கே பிரிகின்றன என்ற கேள்வியில் ஆய்வாளர்கள் நிறைய உழைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம், இரண்டையும் விட்டு அவர் எங்கே விலகுகிறார் என்பது. 72-ஆம் அத்தியாயத்தில் திமிங்கலத்தின் வழுக்கும் முதுகில் நின்று இஷ்மேலின் நண்பன் குவிக்வெக் வேலை செய்கிறான். சுற்றிலும் சுறாக்கள். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை மேல்தளத்தில் நிற்கும் இஷ்மேலின் இடுப்பில். ஒருவன் விழுந்தால் மற்றவனும் போக வேண்டியதுதான். இந்தக் கயிறு எல்லாக் கப்பலிலும் உண்டு, இருவரையும் சேர்த்துக் கட்டும் வழக்கம் பெக்வாடில் மட்டுமே என்று மெல்வில் அடிக்குறிப்பு போடுகிறார். நட்பைப் பற்றி அவர் சொல்ல நினைத்தது, தொழிலின் ஒரு சிறு முடிச்சை மாற்றிக் கட்டியதில் வந்துவிடுகிறது. குவிக்வெக்–இஷ்மேல் உறவை ஆண்களுக்கிடையேயான காதலாகப் படித்த ராபர்ட் மார்ட்டினின் 1986-ஆம் ஆண்டு நூல் முதல் எத்தனையோ ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவை எல்லாவற்றுக்கும் இந்த அத்தியாயமே உரைகல்.

மாலுமிகளை நாவலின் நாயகர்களாக்கியவர் சி. எல். ஆர். ஜேம்ஸ். டிரினிடாடில் பிறந்தவர், மார்க்சியர், கிரிக்கெட் பற்றி எழுதியவராக நம்மில் சிலருக்குத் தெரிந்தவர். 1952-இல் அமெரிக்க அரசு அவரை நாடுகடத்துவதற்காக எல்லிஸ் தீவில் அடைத்தது. அங்கே இருந்தபடி ‘மரினர்ஸ், ரெனிகேட்ஸ் அண்ட் காஸ்டவேஸ்’ நூலை எழுதினார். அவருடைய ஆகாப், இருபதாம் நூற்றாண்டின் சர்வாதிகாரிகளுக்கு முன்னோடி. அவருடைய இஷ்மேல், தலைவனின் வெறிக்கு முன்னால் தடுமாறும் படித்த இளைஞன். நிதானமும் மனிதத்தன்மையும் மாலுமிகளிடமே இருக்கின்றன: நான்டக்கெட், ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள், போர்த்துகல், சீனா என்று உலகின் மூலைமுடுக்கெல்லாமிருந்து வந்து ஒரே கப்பலில் உழைக்கிறவர்களிடம். பல நாட்டுக் கைதிகளோடு தான் அடைபட்டிருந்த எல்லிஸ் தீவையே கடைசி அத்தியாயத்தில் அவர் இன்னொரு பெக்வாடாகப் பார்த்தார். புத்தகத்தைக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் அனுப்பினார். பயன் இல்லை, 1953-இல் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. மாலுமிகளைப் பற்றி ஜேம்ஸ் சற்று மிகையாகவே நம்பினார். மேல்தளக் காட்சியில் ஆகாபின் சூளுரைக்குக் கைதட்டி, ஈட்டிக் குழலில் குடித்துச் சத்தியம் செய்தவர்களும் இவர்கள்தானே. ஆனால் ஒரு நாவலை இவ்வளவு தேவையோடு, தன் வாழ்க்கையே அதில் தங்கியிருப்பதைப் போலப் படித்த விமர்சனம் வேறு எனக்குத் தெரியாது.

ஜேம்ஸ் கைவைத்த அரசியலை 1960-களுக்குப் பிறகு வந்தவர்கள் 1850-இன் அமெரிக்காவுக்குள் தேடினார்கள். ஆலன் ஹைமர்ட் 1963-இல், ஆகாபிடம் தென்மாநிலத் தலைவர் ஜான் கால்ஹூனின் சாயலைக் காட்டினார். முப்பது மாலுமிகள் என்ற எண்ணை அன்றைய முப்பது மாநிலங்களோடு சேர்த்துப் படித்தார். மைக்கேல் ரோகின் மெல்வில் குடும்பத்துக்குள்ளேயே போனார். அங்கே ஒரு பெயர் நிற்கிறது: லெமுவல் ஷா. மெல்விலின் மாமனார், மாசசூசெட்ஸின் தலைமை நீதிபதி. 1851 ஏப்ரலில், ஜார்ஜியாவிலிருந்து தப்பி பாஸ்டனுக்கு வந்திருந்த தாமஸ் சிம்ஸ் என்ற கறுப்பின இளைஞரை, ஓடிவந்த அடிமைகள் சட்டத்தின்கீழ் திருப்பி அனுப்புவதைத் தடுக்க மறுத்தவர் அவர். நாவலை முடிக்க மருமகன் திணறிக்கொண்டிருந்த அதே ஏப்ரலில், 1820-இல் திமிங்கலம் மோதி மூழ்கிய எசெக்ஸ் கப்பலைப் பற்றி ஓவன் சேஸ் எழுதிய நூலைத் தேடி வாங்கிக் கொடுத்தவரும் அவரே. நாவலின் முடிவுக்கு வேண்டிய நூலும், சிம்ஸ் மீண்டும் அடிமையாக வழிவிட்ட தீர்ப்பும் ஒரே கையிலிருந்து ஒரே மாதத்தில் வந்தன.

இதைத் தெரிந்துகொண்டு பிப் வரும் 93-ஆம் அத்தியாயத்தைப் படித்தால் நெஞ்சு அடைக்கிறது. பயந்து படகிலிருந்து குதிக்கும் கறுப்பினச் சிறுவனிடம், அலபாமாவில் உன்னை விற்றால் வருவதைவிட ஒரு திமிங்கலத்துக்கு முப்பது மடங்கு கிடைக்கும் என்கிறான் அந்தப் படகின் தலைவன் ஸ்டப். மறுபடி குதித்தபோது நடுக்கடலில் விட்டுவிட்டுப் போகிறான். மீட்கப்பட்ட பிப் புத்தி பேதலித்துப்போகிறான். டோனி மாரிசன் 1988-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், திமிங்கலத்தின் வெண்மையை வெள்ளை இனம் என்று எடுக்காமல், வெண்மையே உயர்வு என்ற கருத்தியலாக எடுத்தார். அப்படிப் பார்க்கும்போது ஆகாப் அந்தக் கருத்தியலை எதிர்க்கத் துணிந்த அமெரிக்க வெள்ளையன் ஆகிறான். முழுக்க ஒத்துக்கொள்ள முடியாவிட்டாலும், வெண்மை பற்றிய 42-ஆம் அத்தியாயத்தை மாரிசனுக்குப் பிறகு பழையபடி படிக்க முடியாது.

களத்தைப் பற்றிய ஆய்வு நெடுநாள் மெலிந்தே இருந்தது. நாவல் எழுதும்வரை பெக்வாட் புறப்படும் நான்டக்கெட் தீவை மெல்வில் நேரில் பார்த்ததில்லை, போனது 1852-இல்தான். நியூ பெட்ஃபோர்ட் தேவாலயத்தில் கப்பல் அணியம் வடிவில் நாவல் வர்ணிக்கும் பிரசங்க மேடையும் கற்பனையே. ஜான் ஹியூஸ்டன் 1956-இல் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அதை எங்கே எங்கே என்று தேட, 1961-இல் அங்கே அப்படியொரு மேடையைச் செய்து வைத்தார்கள். நிலப்பகுதிகள் இப்படி என்றால், கடலையே களமாக எடுத்து ஆராய்ந்த நூல்கள் இந்த நூற்றாண்டில்தான் அழுத்தமாக வந்தன. மாலுமிகள் எழுதியதையும் படித்ததையும் பற்றி ஹெஸ்டர் ப்ளம் 2008-இல் எழுதினார். ரிச்சர்ட் கிங்கின் ‘ஆகாப்ஸ் ரோலிங் சீ’ (2019) மெல்வில் சொல்லும் சுறா, கணவாய், கடற்பறவை, நீரோட்டம் ஒவ்வொன்றையும் இன்றைய கடலறிவோடு ஒப்பிடுகிறது. வேட்டையால் திமிங்கல இனம் அழியாது என்று 105-ஆம் அத்தியாயத்தில் இஷ்மேல் வாதாடுவதை, நீராவிக் கப்பலும் வெடி ஈட்டியும் கொன்று தீர்த்த பிறகு, 1986-இல் வணிக வேட்டைக்குத் தடை வந்த பிறகு படிக்கிறோம்.

இன்னும் இளைத்துக் கிடப்பது நாவலின் கிழக்குப் பாதி. பெக்வாட் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியப் பெருங்கடலைக் கடந்து, சுமத்திராவுக்கும் ஜாவாவுக்கும் இடையே சுந்தா நீரிணை வழியாகப் போகிறது. திமிங்கலத்தின் மிகப் பழைய உருவம் எலிஃபண்டா குகையில் மச்சாவதாரமாக இருப்பதாக இஷ்மேல் சொல்கிறான். எலிஃபண்டா சிவனுக்குரிய குகை. இந்தப் புராணச் செய்திகள் எங்கிருந்து வந்தன என்பதை எச். புரூஸ் ஃபிராங்க்ளின் 1963-லேயே ஆராயத் தொடங்கினார். ஆனால் ஆகாப் ரகசியமாக ஏற்றிவந்த பார்சி ஃபெடல்லாவையும் அவனோடு வந்த மணிலாக்காரர்களையும் பெரும்பாலான விமர்சனம் தீமையின் நிழலாகவே விட்டுவைத்திருக்கிறது. நாவலும் அவர்களைப் பேய்களாகக் காட்டத்தான் செய்கிறது. ஆனால் கப்பல் உரிமையாளர்களிடம் கேட்காமல் ஏற்றப்பட்டவர்கள் அவர்கள். இஷ்மேலுக்கு முந்நூறில் ஒரு பங்கு, குவிக்வெக்குக்குத் தொண்ணூறில் ஒரு பங்கு என்று சம்பளம் பேசும் காட்சியில் அவர்கள் இல்லை. ஆகாபின் படகை வலித்தது அவர்கள்தான். சணல், அதாவது கயிறு, ஒன்றே உன்னைக் கொல்லும் என்று ஃபெடல்லா ஆகாபிடம் சொல்கிறான். ஆகாப் அதைத் தூக்குமரம் என்று எடுத்துக்கொண்டு சிரிக்கிறான். மணிலா நார் வடம் அப்போது அவன் படகில்தான் இருக்கிறது. மணிலாத் துறைமுகத்திலிருந்து அமெரிக்கக் கப்பல்களுக்கு நார் எப்படிப் போனது, ஆட்கள் எப்படி, என்ன கூலிக்குப் போனார்கள் என்ற வரலாற்றை இந்த நாவலோடு சேர்த்துப் படிக்கும் ஒரு நூல் வேண்டும்.