மணி பார்த்துப் பூ வாங்குங்கள்!

சாயங்காலம் ஆறு மணிக்கு உங்கள் வீட்டில் விசேஷமா? அப்படியென்றால் விடியற்காலையிலேயே மல்லி வாங்கிவிடுங்கள். மொட்டாக வாங்குங்கள். பச்சை முழுக்கப் போய் வெள்ளை ஏறி, விரலிடுக்கில் வைத்து உருட்டினால் குண்டாக, கெட்டியாக நிற்கும் பாருங்கள், அந்த மொட்டு! நிறம் பார்த்துப் பூ வாங்குகிறோம், விலை பார்த்து வாங்குகிறோம், வாசனை பார்த்து வாங்குகிறோம், எல்லாம் சரி, மணி பார்த்து வாங்குகிறோமா? ஒவ்வொரு பூவுக்கும் ஒரு நேரம் இருக்கிறது ஐயா! எந்த வேளையில் எந்தப் பூ முழு அழகோடு நிற்கும் என்று தெரிந்துகொண்டு ஒரே ஒரு தரம் வீட்டை அலங்கரித்துப் பாருங்கள். அப்புறம் என் மாதிரி நீங்களும் எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துப் பூ பேச்சே பேசிக்கொண்டிருப்பீர்கள்.

வைகாசியில் எங்கள் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். திருவாண்டார்கோயிலில் எங்கள் வீட்டிலேயே, மாலை ஆறு மணிக்குத் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. மண்டபம் கிடையாது, டெக்கரேஷன்காரர்கள் கிடையாது, "பூ பூரா உன் பொறுப்புடா" என்று அக்கா சொன்ன அன்றிலிருந்து எனக்குச் சந்தோஷத்தில் தூக்கமே இல்லை. சுவரில் எந்த ஆணியில் எந்தச் சரம் தொங்கும், உருளியை எங்கே வைப்பது, வாசலுக்கு எத்தனை முழம் என்று நடுராத்திரியில் எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தவன் நான். வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே!

அன்றைக்கு இருட்டு விலகுவதற்குள் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் நிற்கிறேன். புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேர் பெயரில் அது குபேர் மார்க்கெட். ஆனால் எங்களுக்கு என்றைக்கும் பெரிய மார்க்கெட்தான். காய்கறி மூட்டைகளைத் தாண்டி, மீன் வாடையைத் தாண்டி, ஒரு திருப்பம் திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்! மூக்கு முதலில் போய்விடும், கால் அப்புறம்தான் வரும். ஈரத் தரையில் சாக்கு விரித்து மஞ்சள் சாமந்தி மலை, பக்கத்திலேயே ஆரஞ்சு கனகாம்பரம், அரளி, கோழிக்கொண்டை, கட்டுக்கட்டாக மரிக்கொழுந்து, தொட்டியில் தாமரை மொட்டு, நடுவில் ஈரத்துணி மூடிய கூடைகளில் மல்லி. துணியைத் தூக்கும்போது வருமே ஒரு குளிர்ந்த மூச்சு, அதற்காகவே பஸ் டிக்கெட் காசு கொடுக்கலாம்.

நான் கைவைத்த கூடையைப் பூக்காரம்மா தள்ளிவிட்டார். "எத்தினி மணிக்கு விசேஷம் தம்பி? சாயங்காலமா? அப்போ இது வேணாம். பாரு, இப்பவே வாயத் தொறந்துடுச்சி, மத்தியானத்துக்குள்ள துவண்டுடும். இத எடுத்துக்கோ. ஆறு மணி ஆவட்டும், அப்பறம் பேசு." பச்சையாக இருந்த பொடி மொட்டுகளை அவரே பொறுக்கி எறிந்தார், முற்றாமல் பறித்தது விரியவே விரியாதாம். கனகாம்பரம் இன்றைக்குப் பறித்ததா என்று கேட்டேன். "அதுக்கு இன்னிக்கி என்னா, நேத்து என்னா? அது பாட்டுக்கு நிக்கும்" என்றார். உண்மைதான். வாசனையே இல்லாத பூ, ஆனால் தோட்டத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிற அளவுக்குத் தாங்கும் பூ. நம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்த சொந்தப் பூ. மல்லி வாசனையைக் கொடுக்கும், கனகாம்பரம் நிறத்தையும் நேரத்தையும் கொடுக்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டலாம் என்று முதலில் யோசித்த அந்தப் பெண்மணி எந்த ஊரோ, அவர் இருந்த திசைக்கு ஒரு கும்பிடு!

மூட்டையோடு விழுப்புரம் பஸ் ஏறினேன். வில்லியனூர், அரியூர், கண்டமங்கலம்... புதுச்சேரியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மறுபடி புதுச்சேரிக்குள் வரும் விசித்திரமான ரோடு எங்களுடையது. எந்த எல்லையிலும் வாசனை இறங்கவில்லை. கடைசி சீட்டில் இருந்தவர் எழுந்து வந்து "கல்யாணமா?" என்று கேட்டார், நிறுத்தம் வரும்வரை சொன்னேன் பாருங்கள் கதை! இறங்கியதும் முதல் சரம் கோயிலுக்கு. சம்பந்தர் பாடிய வடுகூர்தான் எங்கள் ஊர். அந்தச் சோழர் காலக் கற்கோயிலில் பஞ்சநதீஸ்வரருக்குச் சாத்தாமல் எங்கள் வீட்டுத் தலையில் பூ ஏறாது.

வீட்டில் திண்ணை நிறையப் பெண்கள். நனைத்த வாழைநார், மடியில் மொட்டுக் குவியல், இந்தப் பக்கம் இரண்டு காம்பு, அந்தப் பக்கம் இரண்டு காம்பு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு, பேச்சு நிற்காது, கையும் நிற்காது. நான் சரங்களை வாங்கி வாங்கிச் சுவரில் மேலிருந்து கீழாகத் தொங்கவிட்டேன், பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் இடத்துக்குப் பின்னால், நெருக்கமாக, திரையாக. வாசலுக்கு மாவிலைத் தோரணத்தோடு துளுக்கசாமந்தி. காலை முதல் ராத்திரி வரை வெயிலோ காற்றோ அசையாமல் நிற்கிற பூ அது, மெக்சிகோவிலிருந்து வந்து நம் வாசலைப் பிடித்துக்கொண்டது. அதே மெக்சிகோ தந்த இன்னொரு பூ நிலச்சம்பங்கி. அதை மேடைக்கு இரு புறமும் குடத்தில் நிறுத்தினேன், இருட்ட இருட்ட மணம் ஏறும் என்பதால். தாமரையோ காலைப் பூ. குளத்தில் விடியும்போது விரிவது, மார்க்கெட்டில் மொட்டாக வாங்கினால் நம் வீட்டில் தானாக விரியாது. இதழை ஒவ்வொன்றாக வெளிப்புறம் மடித்து நாம்தான் விரித்துவிட வேண்டும். அதையும் சீக்கிரம் செய்தால் மடிப்பு கறுக்கும், ஆகவே ஐந்து மணிக்குத்தான் மடித்து உருளித் தண்ணீரில் மிதக்கவிட்டேன்.

எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்ற கண் எனக்கு வந்தது ஆசிரமத்தில். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமம் போயிருக்கிறீர்களா? 1950 டிசம்பரில் அரவிந்தரை அடக்கம் செய்த சமாதி, 1973இல் ஆசிரமத்தின் அன்னையும் அங்கேயே. மேலே பெரிய இயல்வாகை மரம், கீழே அந்தச் சமாதி முழுக்க அன்றன்றைய பூக்களில் கோலம். போய்ப் பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன், போய்ப் பாருங்கள்! எல்லா நிறத்தையும் ஒன்றாகக் கொட்டியிருக்க மாட்டார்கள். வெள்ளை ஒரு பட்டை, அதை ஒட்டி இளஞ்சிவப்பு, ஓரத்தில் பச்சை என்று ஒவ்வொன்றுக்கும் மூச்சுவிட இடம் இருக்கும். அன்னை ஏறக்குறைய 900 பூக்களுக்கு ஆன்மிகப் பொருளோடு பெயர் வைத்தவர். மல்லிக்குத் தூய்மை, துளசிக்குப் பக்தி, நிலச்சம்பங்கிக்குப் புதுப் படைப்பு. அத்தனை பூவையும் ஒருவர் தனித்தனியாக உற்றுப் பார்த்திருக்கிறார் என்று நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கும்.

சரி, நிச்சயதார்த்த வீட்டுக்குத் திரும்புவோம். இப்போது மணி ஐந்தே முக்கால். நினைத்துப் பாருங்கள். மத்தியானம் வரை அந்த மல்லித் திரை ஒல்லியாக, சரத்துக்குச் சரம் இடைவெளி தெரிய, பின்னால் சுவரே தெரிய நின்றது, "இன்னும் ரெண்டு கிலோ வாங்கியிருக்கலாமே" என்று பெரியப்பாகூடச் சொல்லிவிட்டுப் போனார், நான் வாயைத் திறக்கவில்லை, ஆனால் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது, பூக்காரம்மா சொன்ன மணி நெருங்குகிறது, மாப்பிள்ளை வீட்டார் வாசலில் செருப்பு கழற்றுகிறார்கள், பன்னீர் தெளிக்கிறார்கள், நான் மாத்திரம் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அப்போது மேல் வரிசையில் ஒரு மொட்டு, ஒரே ஒரு மொட்டு, நுனி தளர்ந்து இதழ் பிரிகிறது, பக்கத்தில் இன்னொன்று, கீழே நாலு, அங்கே பத்து, கண்ணெதிரே ஐயா, கண்ணெதிரே சரம் பருக்கிறது, இடைவெளி மூடுகிறது, சுவர் மறைகிறது, தட்டு மாற்றி முடிப்பதற்குள் திரை முழுக்க விரிந்து வெள்ளை வெளேரென்று நின்றது, அந்த வாசனை! கூடத்தை நிரப்பித் தெருவுக்குப் போய்விட்டது, சமையல்கட்டில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள், சம்பந்தியம்மா பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்திவிட்டு "எங்கிருந்து வருது இது?" என்று திரும்பினார், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் அம்மா அழுவாள், மாமன் பூவைப் பார்த்து அழுதது எங்கள் வீட்டில்தான்.

மல்லி சாயங்காலத்தில் விரியும் காரணம் சொல்லட்டுமா? ராத்திரி விரியும் வெள்ளைப் பூக்கள் அந்துப்பூச்சிக்காக விரிகின்றன. இருட்டில் நிறத்துக்கு என்ன வேலை? வாசனைதான் அழைப்பு. நாம் நடுவில் புகுந்து அதைக் கூந்தலில் வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

இந்தப் பித்து பிடித்த பிறகு நாள் முழுக்கப் பூவின் கடிகாரம்தான் எனக்கு. விடியலில் பவழமல்லி தானாக உதிர்ந்து கிடக்கும், அள்ளித் தட்டில் போட்டால் போதும். மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டை மேல் வைக்கும் பூசணிப்பூ காலையில் பொன்னாகத் திறந்து உச்சிக்கு முன்பே சுருங்கிவிடும். அதனால்தான் இருட்டோடு கோலம் போடும் பெண்களுக்கு அது வாய்த்தது. நாலு மணிக்கு அந்திமந்தாரை. நாகலிங்கம், நம் புதுச்சேரியின் அடையாள மலர், அடிமரத்திலேயே பூத்து ஒரே நாளில் முழுசாகக் கீழே விழும். விழுந்ததை எடுத்துப் பித்தளைத் தாம்பாளத்துத் தண்ணீரில் ஒற்றைப் பூவாக வையுங்கள், கூடத்துக்கு வேறு எதுவுமே வேண்டாம்!

ஜாடியில் ரோஜா வைப்பவர்களுக்கு ஒன்று. காம்பைச் சாய்வாக வெட்டுங்கள், தண்ணீருக்குள் முங்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள், தினமும் தண்ணீர் மாற்றுங்கள். இலை அழுகினால் காம்பு அடைத்துக்கொள்ளும். மல்லிக்கோ தண்ணீர் தெளிக்கவே கூடாது, பழுப்பேறும். ஈரத்துணி போதும். முகூர்த்த நாளில் மல்லி விலை எகிறும்தான். எகிறட்டும்.

கல்யாணம் தை மாசம், விடியற்கால முகூர்த்தம். இங்கேதான் எனக்கு இப்போதே தலை கிறுகிறுக்கிறது! தையில் பனி, மல்லி வரத்து சுருங்கும், கிடைத்தாலும் முந்தின ராத்திரியே விரிந்துவிட்ட பூ காலை ஆறு மணிக்குத் துவண்டு நிற்கும். ஆனால் செவ்வந்தி அப்போதுதான் உச்சத்தில் இருக்கும், டிசம்பர் பூ இருக்கும், காக்கடா இருக்கும், தாமரைக்கோ விடியல் சொந்த நேரம். மணமேடைக்கு மஞ்சள் செவ்வந்தித் திரையும் நடுவில் தாமரையும் என்று வரைந்து வைத்திருக்கிறேன். அக்கா மல்லிதான் வேண்டும் என்கிறாள். அவளைப் பெரிய மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பூக்காரம்மா எதிரில் உட்காரவைக்கப் போகிறேன்.