வாத்து சுமந்து வந்த வாள்: போக்கிமான் ‘கமோநெகி’யில் பழமொழியும் அதன் மறுப்பும்

ஆய்வுச்சுருக்கம்

ஜப்பானில் 1996ஆம் ஆண்டு வெளிவந்த போக்கிமான் விளையாட்டின் முதல் 151 உயிரிகளுள் 83ஆம் எண்ணைப் பெற்றது கமோநெகி என்னும் வாத்துரு. ஆங்கிலத்தில் இது ஃபார்ஃபெட்ச்டு எனப்படுகிறது. ஜப்பானியப் பழமொழி ஒன்றின் சுருக்கமே இதன் பெயர். பழமொழி உண்பவனின் நோக்கில் அமைந்தது. கமோநெகியோ உண்ணப்படுவதன் கையில் வாளைத் தருகிறது. இம்மறுப்பு எவ்வளவு தூரம் செல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை விளையாட்டு, அசைவூட்டத் தொடர், பிறமொழிப் பெயர்கள் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: போக்கிமான், கமோநெகி, பழமொழி, பார்வைக்கோணம், பெயர் மொழியாக்கம், நிகழ்பட விளையாட்டு.

முன்னுரை

பழமொழி ஒரு சமூகத்தின் அனுபவச் சுருக்கம் என்பது வழக்காற்றியலில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அந்த அனுபவம் யாருடையது என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. வேட்டைக்காரனும் வேட்டைப்பொருளும் இடம்பெறும் பழமொழி, பெரும்பாலும் வேட்டைக்காரன் வாய்மொழியாகவே நிலைபெறுகிறது. அத்தகைய பழமொழி ஒன்று நடமாடும் உருவமாக மாற்றப்பட்டால், அதுவரை பேசாதிருந்த வேட்டைப்பொருள் காட்சியின் மையத்திற்கு வந்துவிடுகிறது. கமோநெகி இதற்குத் தக்க சான்று. சிறுவர்க்கான விளையாட்டின் நகைச்சுவைப் பாத்திரம் என்று இது ஒதுக்கப்படுவதுண்டு. எனினும் 1996 முதல் 2019 வரை இவ்வுருவத்தின் மீது படிப்படியாக ஏற்றப்பட்ட செய்திகள் ஒருசேர வைத்து எண்ணத்தக்கவை.

பழமொழியின் பார்வைக்கோணம்

‘கமோ கா நெகி ஓ ஷொத்தே குரு’ என்பது மூலப் பழமொழி. கமோ என்பது காட்டுவாத்து. நெகி என்பது நீண்ட வெங்காயத்தாள். ‘காட்டுவாத்து வெங்காயத்தாளைச் சுமந்துகொண்டு வருகிறது’ என்பது நேர்ப்பொருள். ஜப்பானியச் சமையலில் வாத்திறைச்சியும் வெங்காயத்தாளும் இணைபிரியாதவை. ஆகவே வாத்து தன்னைச் சமைப்பதற்கான பொருளையும் தானே கொண்டுவந்து சேர்க்கிறது என்பதே இதன் நகை. எதிர்பாராத வசதி ஒன்று முழுமையாக வாய்ப்பதை இது குறிக்கும். பேச்சுவழக்கில் கமோ என்னும் சொல்லுக்கு எளிதில் ஏமாற்றப்படுபவன், அதாவது ஏமாளி, என்ற பொருளும் உண்டு.

தமிழில் ‘பழம் நழுவிப் பாலில் விழுந்தாற்போல’ என்னும் பழமொழி இதற்கு நிகராகத் தோன்றலாம். இரண்டும் வலிய வந்த பேற்றையே சொல்கின்றன. ஆயினும் பழத்திற்கு உயிரில்லை. அது விழுவதால் இழப்பவர் எவருமில்லை. ஜப்பானியப் பழமொழியில் வருவது உயிருள்ள பறவை. அது தன் காலால் நடந்து வருகிறது. தன் அழிவுக்கு வேண்டியதைத் தானே சுமக்கிறது. ஒருவரின் பேறு மற்றொருவரின் அறியாமையால் விளைகிறது என்னும் கொடிய நகை தமிழ்ப் பழமொழியில் இல்லை. கமோநெகியின் பெயருக்குள் இருப்பதோ அந்நகைதான்.

சுவையூட்டி வாளாகுதல்

கேம் ஃப்ரீக் நிறுவனம் உருவாக்கிய முதல் விளையாட்டின் உயிரிக் குறிப்பேட்டிலேயே பழமொழியின் மீதான முதல் திருத்தம் காணப்படுகிறது. வெங்காயத்தாள் அங்கே இப்பறவையின் போர்க்கருவி; உலோக வாளைப் போல அதனைச் சுழற்றுகிறது. பழமொழியில் முதுகில் ஏறியிருந்த சுமை இங்குச் சிறகின் பிடிக்குள் வந்துவிட்டது. சுமப்பது பணிவின் உடல்மொழி. ஏந்துவது எதிர்ப்பின் உடல்மொழி. பொருள் மாறவில்லை, பொருளைப் பற்றியிருக்கும் முறை மட்டுமே மாறியுள்ளது. அம்மாற்றமே பார்வைக்கோணத்தையும் மாற்றுகிறது.

பின்வந்த பதிப்புகள் இதனை வளர்த்தெடுக்கின்றன. 2002ஆம் ஆண்டின் ரூபி, சஃபையர் பதிப்புகளில் தண்டுகளுள் நல்லதும் தீயதும் உண்டென்றும், அவற்றிற்காக இப்பறவைகள் தமக்குள் சண்டையிடும் என்றும் சொல்லப்படுகிறது. 2006ஆம் ஆண்டின் டயமண்ட், பேர்ல் பதிப்புகளில் தண்டின்றி இப்பறவையால் வாழ இயலாது, உயிரைக் கொடுத்தும் அதனைக் காக்கும் என்னும் குறிப்பு இடம்பெறுகிறது. இங்கே ஒரு முரண் எழுகிறது. தன்னைக் காக்கும் கருவியைக் காப்பதற்காகத் தன்னையே இழக்கத் துணியும் உயிர் உண்மையில் விடுபட்டதா? உண்பவனிடமிருந்து தப்பிய வாத்து வெங்காயத்தாளிடமிருந்து தப்பவில்லை.

1999ஆம் ஆண்டின் கோல்டு, சில்வர் பதிப்புகளில் வரும் காட்சியும் இவ்விடத்தில் கருதத்தக்கது. கரி சுடும் தொழிலாளி ஒருவரின் கமோநெகி காட்டில் தொலைந்துவிடுகிறது. விளையாடுபவர் அதனைத் துரத்திப் பிடித்து உரியவரிடம் சேர்ப்பிக்க, மரம் வெட்டும் திறன் பரிசாகக் கிடைக்கிறது. அக்காட்டின் ஜப்பானியப் பெயர் உபாமே; கரி சுடுவதற்குப் பெயர்பெற்ற ஓக் மரவகையின் பெயர் அது. வாத்தும் வெங்காயத்தாளும் சேர்ந்துவிட்டால் சமையலுக்கு எஞ்சியிருப்பது நெருப்பு மட்டுமே. அந்நெருப்புக்கான கரியைச் சுடுபவரிடமே இவ்வாத்து வேலை செய்கிறது. உணவாக வேண்டியது உழைப்பாளியாகியிருக்கிறது. எனினும் அடுப்பிலிருந்து அது வெகுதொலைவு சென்றுவிடவில்லை.

அருகிவரும் இனமும் தூண்டிற்பறவையும்

1998ஆம் ஆண்டின் யெல்லோ பதிப்பு இப்பறவை அரிதாகவே காணப்படுவதாகவும், எண்ணிக்கை குறைந்துவருவதாகக் கருதப்படுவதாகவும் கூறுகிறது. காரணத்தை அப்பதிப்பு சொல்லவில்லை. அதே ஆண்டு ஒளிபரப்பான அசைவூட்டத் தொடரின் 49ஆம் அத்தியாயம் காரணத்தை வெளிப்படையாகச் சொல்கிறது: வெங்காயத்தாளுடன் சமைத்தால் மிகவும் சுவையாக இருப்பதால் இவ்வினம் அருகிவிட்டது. பழமொழியின் நகை இங்கே சூழலியல் விளைவாக உருப்பெறுகிறது. ஒரு வாத்து வெங்காயத்தாளோடு வந்தால் அது பேறு. எல்லா வாத்துகளும் அவ்வாறே வந்தால் அது இன அழிவு. பழமொழி ஒருமையில் பேசி மறைத்ததைக் குறிப்பேடு பன்மையில் பேசி வெளிக்கொணர்கிறது.

இப்பறவையின் இனவகைப் பெயர் ஜப்பானியத்தில் ‘கருகமோ’, அதாவது கிழக்குப் புள்ளிமூக்கு வாத்து. தமிழ்நாட்டு ஏரிகளில் காணப்படும் புள்ளிமூக்கு வாத்தின் நெருங்கிய உறவினம் அது. கற்பனை உயிரியாயினும் இதன் நிழல் மெய்யான நீர்நிலைகளில் விழுகிறது.

அவ்வத்தியாயத்தின் ஜப்பானியத் தலைப்பு ‘கமோநெகி நோ கமோ’. ‘கமோநெகியின் ஏமாளி’ என்று இதனைப் பெயர்க்கலாம். அதில் சிறுவன் ஒருவன் தன் கமோநெகியைத் தூண்டிற்பறவையாகப் பயன்படுத்துகிறான். அரிய பறவை தானாக வந்து அகப்படுகிறதே என்று பின்தொடர்பவர்கள் தங்கள் உடைமைகளைப் பறிகொடுக்கிறார்கள். பழமொழி அப்படியே கவிழ்க்கப்படுகிறது: வாத்தைக் கண்டு மகிழ்ந்தவனே வாத்தாகிறான். ஆனால் இங்கும் பறவை தனக்காக ஏமாற்றவில்லை. வேறொருவனின் ஆதாயத்திற்காகவே ஏமாற்றுகிறது. பாத்திரங்கள் இடம் மாறினாலும், பறவையின் வருகை எவருக்கோ ஊதியமாக முடிவது மாறவில்லை.

மொழிதோறும் மாறும் பெயர்

பழமொழியறியாத வாசகரிடம் இவ்வுருவத்தைக் கொண்டுசேர்ப்பது மொழிபெயர்ப்பாளர்க்குக் கடினமான பணி. ஜெர்மன் மொழி, லீக்ஸ் என்னும் காய்க்கும் வாத்துக்கும் உரிய சொற்களை இணைத்துப் ‘போரென்டா’ என்றது. கொரிய மொழியும் வெங்காயத்தாள், வாத்து என்னும் இரண்டையும் சேர்த்துப் ‘பாஓரி’ என்றது. சீனப் பெயரின் பொருளும் ‘பெரிய வெங்காயத்தாள் வாத்து’ என்பதே. இவை பொருள்களைக் காத்தன. ஆனால் ‘வருகிறது’ என்னும் வினை மூலப் பெயரிலேயே தொக்கு நிற்பது. பழமொழி நினைவில் இருப்பவரே அதனை நிரப்பிக்கொள்ள முடியும். மற்றவர்க்கு எஞ்சுவது வேடிக்கையான கூட்டுச்சொல் மட்டுமே. பிரெஞ்சு மொழி இன்னும் விலகி, வாத்தையும் ஆர்ட்டிசோக் காயையும் இணைத்துக் ‘கனார்ட்டிஷோ’ என்றது. அங்கே ஒலிநயம் கிட்டியது. வெங்காயத்தாளே பெயரிலிருந்து மறைந்தது.

ஆங்கிலம் வேறு வழியை நாடியது. வாத்தும் இல்லை, வெங்காயத்தாளும் இல்லை. ‘நம்பத்தகாத அளவுக்கு வலிந்து கூறப்பட்டது’ என்னும் அடைமொழியே பெயராயிற்று. அச்சொல்லின் வேர்ப்பொருள் ‘தொலைவிலிருந்து எடுத்துவரப்பட்டது’ என்பது. மூலத்தின் சுமத்தல், வருதல் என்னும் வினைகளை இவ்வேர்ப்பொருள் தொட்டுச் செல்கிறது. ஆனால் மூலப் பழமொழியில் பறவையே எழுவாய். அது தானே வருகிறது. ஆங்கிலப் பெயர் செயப்பாட்டு வடிவம். பறவை எவராலோ கொண்டுவரப்படுகிறது. நகைப்புக்குரிய அறியாமையோடு நடந்துவந்த பறவை, மொழிபெயர்ப்பில் நடப்பதையும் இழந்தது. ஆங்கிலச் சிவப்பு, நீலப் பதிப்புகளில் இப்பறவை காட்டில் கிடைப்பதில்லை. துறைமுக நகரொன்றில் வேறொரு பறவையைக் கொடுத்து மாற்றாகவே பெறமுடியும். ‘எடுத்துவரப்பட்டது’ என்னும் பெயர்ப்பொருள் ஆட்டத்தின் நடைமுறையோடு ஒத்துப்போவது குறிப்பிடத்தக்கது.

வீரனாகும் வாத்து

23 ஆண்டுகள் இவ்வுயிரிக்கு அடுத்தகட்ட வளர்ச்சி வடிவம் வழங்கப்படவில்லை. 2016ஆம் ஆண்டின் சன், மூன் பதிப்புகளில் இதன் தாக்குதல் மதிப்பு 65இலிருந்து 90ஆக உயர்த்தப்பட்டதே குறிப்பிடத்தக்க சலுகை. 2019ஆம் ஆண்டின் சுவோர்டு, ஷீல்டு பதிப்புகள் பிரித்தானியாவை ஒத்த கலார் நிலப்பகுதியை அறிமுகப்படுத்தின. அங்குள்ள தண்டுகள் தடித்து நீண்டவை. அவற்றிற்கேற்ப வாத்தும் போர்வகை உயிரியாக மாறியது. ஒரே போரில் மூன்று முறை உச்சத்தாக்கு நிகழ்த்தினால் அது சர்ஃபெட்ச்டு என்னும் வீரனாகிறது.

ஜப்பானிய நெகியும் ஐரோப்பிய லீக்ஸும் வெவ்வேறு தாவரங்கள். வேல்ஸ் நாட்டின் தேசியச் சின்னங்களுள் ஒன்று லீக்ஸ். நெகியை ஆங்கிலத்தில் லீக்ஸ் என வழங்கியது துல்லியமற்ற பெயர்ப்பு. எனினும் கதை பிரித்தானிய மண்ணை அடைந்தபோது அத்துல்லியமின்மையே பொருத்தமாகிவிட்டது. ஜப்பானியச் சமையற்கலத்தின் சுவையூட்டி, வேறொரு மண்ணில் பெருமையின் சின்னமாகப் பொருள்பெறுகிறது. ஆங்கிலப் பதிப்பில் முன்பு ‘குச்சி’ எனப்பட்ட துணைக்கருவி, ‘லீக்ஸ்’ என்று பெயர் மாற்றம் பெற்றதும் இப்பதிப்புகளில்தான்.

ஆனால் இவ்வீரனின் ஜப்பானியப் பெயர் எச்சரிக்கை விடுக்கிறது. ‘நெகிகனைட்டோ’ என்பதில் வீரனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒலிக்கிறது. அதே ஒலியைப் பிரித்துப் படித்தால் ‘வெங்காயத்தாள் இல்லாவிட்டால்’ என்னும் முற்றுப்பெறாத நிபந்தனைத் தொடர் கிடைக்கிறது. ஜப்பானியப் பேச்சில் இவ்வாறு நிறுத்தப்படும் தொடருக்கு ‘அது இருந்தே ஆகவேண்டும்’ என்பது குறிப்புப்பொருள். தண்டு வாடினால் இவ்வீரன் போர்க்களத்திலிருந்து விலகிவிடும் என்று ஒரு பதிப்பின் குறிப்பேடு கூறுகிறது. மற்றதன் குறிப்பேடு, தண்டு இதற்கு ஆயுதமும் உணவும் ஆகும் என்கிறது. உணவு என்னும் சொல் இங்கே திரும்பி வருவது தற்செயலாயினும் பொருளுடையது. பழமொழியில் வெங்காயத்தாள் வாத்தை உண்பவனுக்கு உணவு; இங்கே அது வாத்துக்கே உணவு. இருபத்து மூன்று ஆண்டுகளில் நிகழ்ந்த முழுமையான தலைகீழாக்கம் இது ஒன்றே.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. வீரனாவது கலார் வாத்து மட்டுமே. பழமொழியிலிருந்து பிறந்த பழைய வாத்துக்கு அவ்வழி திறக்கப்படவில்லை. விடுதலை வேறு மண்ணில் வேறு தண்டை ஏந்தியவர்க்கே கிட்டுகிறது.

முடிவுரை

சொல்விளையாட்டில் பிறந்த சிறுவர் பாத்திரத்தின் மீது இவ்வளவு பொருளை ஏற்றலாமா என்னும் ஐயம் எழக்கூடும். அருகிவரும் இனம், தூண்டிற்பறவை, வாடும் தண்டு ஆகியவை வாசிப்பவர் ஏற்றியவை அல்ல; படைப்பே வழங்கியவை. அவற்றை இணைத்துக் காண்பதே திறனாய்வின் பணி.

கமோநெகி தன்னைப் பெற்ற பழமொழியை மறுக்கிறது. ஆனால் அதிலிருந்து வெளியேறவில்லை. உயிரிகளைப் பிடித்துச் சேர்ப்பதே நோக்கமான ஆட்டத்தில், கைவசமாகும் ஒவ்வோர் உயிரியும் தன் பயன்பாட்டைத் தானே சுமந்துகொண்டுதான் வருகிறது. அவ்வகையில் பழமொழியின் வாத்து ஒரு தனிப்பாத்திரமாக மட்டும் நின்றுவிடாமல், ஆட்டம் முழுமைக்குமான உருவகமாகிறது. அதைக் கண்டு முதலில் மகிழ்பவர் விளையாடுபவரே. வாத்தின் கையில் வாளைக் கொடுத்த படைப்பு, அவ்வாள் யாருக்கு எதிராக ஓங்கப்பட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. ‘வெங்காயத்தாள் இல்லாவிட்டால்’ என்று தொடங்கிய தொடரும் முடிவு பெறாமலே நிற்கிறது.