டிசம்பரில் பிறந்தவன் எங்கே?

20 மீட்டர் ஓட்டம், தாண்டும் உயரம், பீப் டெஸ்ட் என்று எண்களை வைத்துப் பையன்களைத் தேர்ந்தெடுத்தால் பாரபட்சத்துக்கே இடமில்லை என்கிறார்கள் நம் மலேசியக் காற்பந்துக்காரர்கள். 'கேபிள்' (பெரிய இடத்துச் செல்வாக்கு) இருந்தால்தான் சட்டை கிடைக்கும் என்றிருந்த காலத்தைப் பார்த்தவர்கள் இதில் பாதியை ஒப்புக்கொள்வார்கள். பாடாங் செராய் ஹென்ரியட்டா தோட்டத்துப் பையனுக்கும் அலோர் ஸ்டார் அதிகாரி மகனுக்கும் ஸ்டாப்வாட்ச் ஒரே மாதிரிதான் ஓடும். 2014-இல் தொடங்கிய தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் மாவட்டப் பயிற்சி மையங்களை அமைத்ததும், கம்பாங்கில் மொக்தார் டஹாரி அகாடமி எழுந்ததும் நல்ல காரியங்களே.

ஆனால் 12 வயதில் அந்த ஸ்டாப்வாட்ச் எதை அளக்கிறது? பெரும்பாலும் உடம்பு எவ்வளவு சீக்கிரம் வளர்ந்தது என்பதைத்தான். ஒரே ஆறாம் ஆண்டு வகுப்பில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இடைவெளி ஏறக்குறைய ஒரு வயது. மூத்தவன் முந்துகிறான், தோளால் இடித்துப் பந்தைப் பறிக்கிறான். தேர்வாளர் அதைத் 'திறமை' என்று குறித்துக்கொள்கிறார். இளையவனைப் பற்றி 'கட்டையா இருக்கான்' என்ற ஒரு வார்த்தையோடு சரி. கனடா ஐஸ் ஹாக்கியில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே குவிந்துகிடப்பதை ரோஜர் பார்ன்ஸ்லி 1985-லேயே எடுத்துக்காட்டிவிட்டார். நாற்பது வருஷம் ஆயிற்று.

அந்தத் தேசியத் திட்டத்தில் பயிற்சியாளர் லிம் தியோங் கிம் வளர்த்த அணி 2018-இல் சொந்த மண்ணில் நடந்த ஆசிய 16 வயதுக்குட்பட்டோர் போட்டியில் முதல் சுற்றைத் தாண்டவில்லை. உலகக் கிண்ணக் கனவும் அதோடு போயிற்று. அதில் மின்னிய லுக்மான் ஹக்கிம் மார்ச்சில் பிறந்தவர். பெல்ஜியத்தின் கோர்ட்ரெய்க் கிளப் ஐந்தாண்டு ஒப்பந்தம் கொடுத்தும் அங்கே அவரால் நிலைக்க முடியவில்லை. ஒருவரை வைத்து விதி எழுதக் கூடாதுதான். என்றாலும் எழுதத் தோன்றுகிறது.

காசைக் கொட்டி அளக்கும் அமெரிக்கர்களே தவறியிருக்கிறார்கள். 40 கஜ ஓட்டத்தில் 5.28 வினாடி எடுத்த அமெரிக்கக் காற்பந்து வீரர் டாம் பிரேடியை 2000-இல் 199-ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவர் ஏழு சூப்பர் பௌல் வென்றார். அது 22 வயதில் நடந்த பிழை. நாம் 12 வயதில் செய்கிறோம். குள்ளம் என்று 16 வயதில் கழிக்கப்பட்ட ஜேமி வார்டிக்கு இங்கிலாந்தில் கீழ்நிலை லீக்குகள் இருந்தன. அவற்றில் ஏறி 2016-இல் லெஸ்டரோடு பிரீமியர் லீக்கையே வென்றார். பாடாங் செராய் தோட்டத்துப் பையனுக்கு அப்படி என்ன இருக்கிறது? இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் வழி வந்த பிஜே சிட்டியும் 2022-ஓடு லீக்கை விட்டு விலகியது. கழிக்கப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை ஃபுட்சால் ஆடுகிறான். 18 வயதில் கூலிம் ஹைடெக்கில் ஷிஃப்டுக்குப் போகிறான். அப்போது அவன் உயரம் என்ன என்று யாரும் அளப்பதில்லை.

பரிகாரம் தெரியாமல் இல்லை. பெல்ஜியம் தாமதமாக வளரும் பையன்களுக்குத் தனி அணியே வைத்திருக்கிறது. 2017-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்று இன்னும் எளிய வழியைக் காட்டியது. பிறந்த தேதியைத் தாளில் கொடுத்தபோது தேர்வாளர்களின் சாய்வு குறையவில்லை. வயது வரிசைப்படி சட்டைக்கு எண் போட்டதும் அது மறைந்தது. எப்படியும் சட்டைக்கு எண் ஒட்டத்தான் போகிறோம். அடுத்த கூலிம் மாவட்டத் தேர்வில் அதை வயது வரிசையில் ஒட்டலாம். கூடுதலாக ஒரு சென்கூட ஆகாது.