முற்றுகை நிலத்தில் இலக்கிய உற்பத்தி: கருணாகரனின் பணி பற்றிய ஒரு நோக்கு

ஒரு கவிஞரை மதிப்பிடும்போது அவருடைய கவிதைகளை மட்டுமே எடுத்துக்கொண்டு, அவை எவ்வாறு அச்சேறின, எவருடைய ஆதரவில் வெளிவந்தன, எத்தகைய வாசகரைச் சென்றடைந்தன என்னும் வினாக்களை ஒதுக்கிவிடும் போக்கு எமது திறனாய்வில் இன்றும் வலுவாகவே உள்ளது. கிளிநொச்சியை வாழ்களமாகக் கொண்ட கருணாகரன் (பி. 1963) விடயத்தில் இப்போக்குப் பயன்தராது. கவிஞர், இதழாசிரியர், பதிப்பாளர் என்னும் மூன்று நிலைகளும் அவரிடத்து ஒன்றையொன்று நிர்ணயித்துள்ளன. அந்நிர்ணயத்தின் தன்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அவர் இயங்கிய சமூகத்தளத்தை நோக்குவோம். குளத்துப் பாசனத்தையும் நெற்செய்கையையும் ஆதாரமாகக் கொண்ட வன்னிப் பெருநிலத்தில், இரணைமடுவைச் சார்ந்த குடியேற்றத் திட்டங்கள் குடாநாட்டின் நிலமற்ற விவசாயிகளைக் கொண்டுவந்து சேர்த்தன. 1977ஆம் ஆண்டின் இனவன்செயலுக்குப் பின் மலையகத் தொழிலாளர் பலர் இங்கு வந்து, பெரும்பாலும் கூலி உழைப்பாளராயினர். ஆயினும் அச்சகமும் கல்லூரியும் சஞ்சிகையும் நெடுங்காலம் யாழ்ப்பாணத்துக்கே உரியனவாக இருந்தன. ‘மல்லிகை’யும் ‘அலை’யும் அங்கிருந்தே வெளிவந்தன. குடாநாடும் பெருநிலமும் சந்திக்கும் எல்லையை அண்டிய இயக்கச்சியிற் பிறந்த கருணாகரன், எண்பதுகளின் இயக்க அரசியற் சூழலினூடாக எழுத்துக்கு வந்தவர்.

1990இல் அரசு விதித்த பொருளாதாரத் தடை, எரிபொருளையும் உரத்தையும் போலவே அச்சுத் தாளையும் அரும்பொருளாக்கிற்று. பாடசாலைப் பயிற்சிப் புத்தகங்களுக்குரிய கோடிட்ட தாளிலே பத்திரிகை அச்சாகிய காலம் அது. 1995 ஒக்டோபர் இறுதியில் நிகழ்ந்த யாழ்ப்பாண இடப்பெயர்வோடு, எழுத்தாளரும் வாசகரும் பெருந்தொகையாக வன்னிக்கு வந்து சேர்ந்தனர். விடுதலைப் புலிகளின் கலை பண்பாட்டுக் கழகம் வெளியிட்ட ‘வெளிச்சம்’ இதழின் ஆசிரியராகக் கருணாகரன் ஆற்றிய பணியை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

இவ்விதழ் குறித்து இருவகைத் தீர்ப்புகள் வழக்கிலுள்ளன. ஒரு சாரார் அதனை வெறும் பிரசாரம் எனத் தள்ளுவர். மற்றொரு சாரார் அதனைத் தேசிய இலக்கியத்தின் பொற்காலம் எனக் கொண்டாடுவர். இரு சாராரும் முரண்பாட்டைக் காணாது விடுகின்றனர். தாளும் அச்சும் விநியோகமும் ஓர் ஆயுத அமைப்பின் கையில் இருந்தமையாலேயே முற்றுகைக்குள் ஓர் இலக்கிய இதழ் சாத்தியமாயிற்று. புதியவர்கள் எழுத ஒரு களமும் கிடைத்தது. அதே காரணத்தினாலேயே அதன் எல்லையும் வரையறுக்கப்பட்டது. அவ்வமைப்பின் ஆட்சிப்புலத்தில் அதனை வெளிப்படையாக விமரிசித்தல் இயலாதிருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டமை போன்றவை அங்குப் பகிரங்க விவாதத்துக்கு உரியனவாகவில்லை. இதழைச் சாத்தியமாக்கிய உற்பத்திச் சாதனமே அதன் மௌனத்தையும் உற்பத்தி செய்தது.

இவ்வகையில் ‘மகிழ்’ வெளியீடு தனிக் கவனத்துக்குரியது. அவருடைய முதலிரு தொகுதிகளான ‘ஒரு பொழுதுக்குக் காத்திருத்தல்’ (1999), ‘ஒரு பயணியின் நிகழ்காலக் குறிப்புகள்’ (2003) ஆகியன அப்பெயரிலேயே வெளிவந்தன. கவிஞர் தம் கவிதைக்குத் தாமே பதிப்பாளராகும்போது, அமைப்பின் குரலுக்கும் தனிமனிதக் குரலுக்கும் இடையே சிறியதோர் இடைவெளி தோன்றுகின்றது. அவ்விடைவெளியை எதிர்ப்பு எனப் பெரிதுபடுத்தல் தவறு. இல்லையென மறுத்தலும் தவறு.

கவிதையின் உருவத்திலும் அது புலப்படுகின்றது. போர்க்காலத்தின் ஆதிக்க உருவம் வீரப்பாடலும் அறைகூவலுமாகும். கருணாகரனோ காத்திருப்பவனையும் பயணியையும் முன்னிறுத்துகின்றார். ‘குறிப்பு’ என்னும் அடக்கமான வடிவத்தைத் தேர்கின்றார். போர்நிறுத்தக் காலத்தில் ‘நிகழ்காலக் குறிப்புகள்’ எழுதிய பயணி, யுத்தம் முடிந்தபின் 2012இல் ‘போர்க்காலக் குறிப்புகள்’ எழுதுபவனாக மீள்கின்றான். இத்தலைப்பு மாற்றம் ஒரு வரலாற்று உண்மையைச் சுட்டுகின்றது: போர்க்காலத்தைப் போர்க்காலம் எனப் பெயரிட்டுத் தொகுத்தல் அதன் முடிவுக்குப் பின்னரே கைகூடியது.

எனினும் இக்கவிதைகளின் எல்லையையும் கூறவேண்டும். இடம்பெயர்ந்தோர் அனைவரையும் ‘பயணி’ என்னும் ஒற்றை உருவம் தழுவிக்கொள்ளும்போது, காணியை விட்டு வந்தவனுக்கும் காணியே இல்லாதிருந்த கூலியாளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மங்குகின்றது. 2009இல் வெளிவந்த தொகுதியின் பெயர் ‘பலியாடு’. அவ்வாண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிவுற்ற யுத்தத்தின் மக்களைக் குறிக்க இதனினும் பொருத்தமான படிமம் அரிது. ஆயின் பலியாடு செயலற்றது. வரலாறு அதன்மீது நிகழ்த்தப்படுவது. பீடத்தை எழுப்பியவர் யார், கத்தியை ஏந்தியவர் யார், பலியின் பயனைப் பெற்றவர் யார் என்பன வருக்க ஆய்வு எழுப்பவேண்டிய வினாக்கள். அரச ஒடுக்குமுறையை முதன்மையாகச் சுட்டும் விடை சரியானதே. ஆயினும் மக்களின் பெயரால் ஆண்டோர் அம்மக்களைப் போருக்கான வளமாகக் கருதியமையைக் கூறாதவரை அவ்விடை முழுமைபெறாது.

2009க்குப் பின் கருணாகரன் கட்டுரை, சிறுகதை, பத்தி எழுத்து என விரிந்து சென்றமை இவ்வினாக்களைக் கவிதைக்கு வெளியேயும் எதிர்கொள்ளவேண்டிய தேவையின் விளைவெனலாம். வன்னியின் இலக்கிய வரலாறு இன்னும் எழுதப்படவேண்டியதாகவே உள்ளது. அதனை எழுதுவோர் வெற்றியாளரின் மறதியையும் தோற்றோரின் புனிதமாக்கலையும் ஒருங்கே மறுத்தல் வேண்டும். முற்றுகைக்குள் எழுதியவரை நாம் நீதிமன்றத்தில் நிறுத்தவேண்டியதில்லை, வழிபாட்டுக்குரியவராக்கவும் வேண்டியதில்லை. அவர் எழுதியவற்றோடு, அவர் எழுத முடியாதுபோனவற்றையும் சேர்த்து வாசிப்பதே நாம் அவருக்கும் அந்நிலத்து மக்களுக்கும் செலுத்தக்கூடிய மரியாதையாகும்.