கோபிநத்தம் பாதையில் பிரேக்கும் விளக்கும்

மாதேஸ்வரன் மலையிலிருந்து பாலாறுக்கு இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாகக் கோபிநத்தம் போகும் பாதை ஒரு காரின் பிரேக்கையும் ஹெட்லைட்டையும் ஒரே மாலையில் உரசிப் பார்த்துவிடும். 1997இல் மைசூரு மாவட்டத்திலிருந்து பிரிந்த சாமராஜநகரில் இருக்கிறது இந்த ஊர். காவிரி வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டிய, தமிழ் பேசும் எல்லைக் கிராமம். வீரப்பன் பிறந்த ஊர் என்றுதான் வெளியாட்களுக்குத் தெரியும். கொளத்தூர், மேட்டூர்க்காரர்களுக்கு இது அக்கம்பக்கத்து ஊர்.

நான் ஓட்டியது, கேமராவும் ரேடாரும் பார்த்துத் தானே பிரேக் பிடிக்கும் வசதியுள்ள ஆட்டோமேட்டிக் எஸ்யூவி. மாடலின் பெயர் இங்கே முக்கியமில்லை. இதே வசதிகள் இன்று பல நிறுவனங்களின் கார்களில் வருகின்றன, குணமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

விளம்பரத்தில் முன்னால் நிற்பது தானியங்கி பிரேக். நெடுஞ்சாலையில் முன்னே போகும் லாரி திடீரென நின்றால் அது உயிர்காக்கும், சந்தேகமே இல்லை. கொண்டை ஊசி வளைவில் கதை வேறு. கேமரா நேரே பார்க்கிறது, பாதையோ பக்கவாட்டில் திரும்புகிறது. வளைவுக்கு அப்பால் வரும் பஸ் கேமராவுக்கும் தெரியாது, ரேடாருக்கும் தெரியாது. தடுப்புச் சுவரைப் பார்த்து அவ்வப்போது எச்சரிக்கை ஒலி எழும், அவ்வளவுதான். காட்டு விலங்குகளும் இதற்குப் பெரும் சோதனை. மான் போன்ற பெரிய விலங்குகளை அடையாளம் காண வோல்வோ உருவாக்கிய அமைப்பே ஆஸ்திரேலியாவில் கங்காருவின் துள்ளலைக் கண்டு தூரத்தைத் தவறாகக் கணித்தது. ஆகவே, அந்தி வேளையில் யானை குறுக்கே வந்தால் கார் பார்த்துக்கொள்ளும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது.

இந்தப் பாதையில் என் மதிப்பு முழுவதையும் பெற்றது, விற்பனையாளர் அரை வரியில் கடந்துபோகும் இஎஸ்சி (எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்). ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்குக் கார் திரும்புகிறதா என்று அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. முன்பக்கம் வெளியே வழுக்கினால் உள்பக்கப் பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கிறது. பின்பக்கம் வீசினால் வெளிப்பக்க முன்சக்கரத்தைப் பிடிக்கிறது. மனிதக் காலால் செய்யவே முடியாத வேலை இது. வளைவில் மணல் கிடந்த இடத்தில் டேஷ்போர்டில் சின்ன விளக்கு சிமிட்டியது, கார் தடம் மாறவில்லை. 1995இல் மெர்சிடிஸ் சொகுசுக் காரில் அறிமுகமானது இஎஸ்சி. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்சிஏபி மோதல் சோதனையில் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் வாங்க இஎஸ்சி இருந்தாக வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம். அது வேலை செய்து பெடல் துடிக்கும்போது பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அழுத்தியே பிடியுங்கள். ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: உதிரி ஜல்லியில் ஏபிஎஸ் உள்ள வண்டி நிற்கச் சற்று அதிக தூரம் எடுக்கும். அப்போதும் ஸ்டீயரிங் நம் பேச்சைக் கேட்கும், அதுதான் அதன் லாபம்.

நீண்ட இறக்கத்தின் உண்மையான எதிரி சூடு. காலை பெடலிலேயே வைத்து இறங்கினால் பிரேக் எண்ணெய் கொதித்து, பெடல் தரைவரை போகும். புதிய டாட் 4 எண்ணெய் குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும். ஈரம் உறிஞ்சிவிட்டால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். எந்த எலக்ட்ரானிக்ஸும் இதைச் சரிசெய்யாது. எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆட்டோமேட்டிக் ஆனாலும் மேனுவல் மோடுக்குப் போய் இரண்டாவது கியரில் இறங்க வேண்டும். மின்சாரக் கார்க்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல்: மலை உச்சியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றாதீர்கள். நிறைந்த பேட்டரி இறக்கத்தில் பிறக்கும் மின்சாரத்தை ஏற்காது, மோட்டார் வண்டியை இழுத்துப் பிடிப்பது குறைந்துவிடும்.

பாலாறு தாண்டியதும் விளக்கின் முறை. எல்இடி ஹெட்லைட் தார்ச் சாலையைப் பகலாக்கியது. வளைவின் உள்பக்கத்தைக் காட்டும் கார்னரிங் விளக்கு அதைவிடப் பயன்பட்டது. திரும்பும் முன்பே ஓரத்தில் நின்ற மாடு தெரிந்தது. தானாக டிம் ஆகும் ஹைபீமை நான் அணைத்துவிட்டேன். எதிர் வண்டியின் விளக்கைக் கண்ட பிறகுதான் அது இறங்குகிறது. வளைவில் அந்த ஒரு நொடி எதிரே பைக்கில் வருபவரின் கண்ணைக் கூசவைத்துவிடுகிறது. விளக்கில்லாமல் நடந்து வருபவருக்கோ அது இறங்குவதே இல்லை. எதிரே வருபவரின் மேல் விழும் ஒளியை மட்டும் மறைக்கும் மேட்ரிக்ஸ் விளக்கை ஆடி நிறுவனம் 2013இல் கொண்டுவந்தது. நம் பட்ஜெட் கார்களுக்கு அது வந்தாக வேண்டும்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே 0 முதல் 3 வரை எண் போட்ட சின்னச் சக்கரம் ஒன்று பல கார்களில் இருக்கிறது. பின்னால் ஆளும் சாமானும் ஏறினால் கார் பின்பக்கம் அமுங்கி, லோபீமே எதிராளி முகத்தில் அடிக்கும். அந்தச் சக்கரத்தைத் திருப்பினால் ஒளி கீழே இறங்கும். மாதேஸ்வரன் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பும்போது அதை ஒன்றிலோ இரண்டிலோ வையுங்கள். கார் வாங்கப் போகிறவர்கள் சன்ரூஃபைப் பார்ப்பதற்கு முன், அதே மாடலின் கீழ் வேரியன்டிலும் இஎஸ்சியும் கார்னரிங் விளக்கும் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த ஷோரூமுக்குப் போகலாம்.