தொக்கி நிற்பவள்

நன்னூல் பொதுவியலில் வினா ஆறு வகை, விடை எட்டு வகை. பதினெட்டு ஆண்டுகளாக இதை நடத்திக்கொண்டிருக்கிறேன். பாடப்புத்தகத்து எடுத்துக்காட்டுகள் எனக்கும் மாணவிகளுக்கும் சேர்ந்தே அலுத்துவிட்டன. 2014 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, “மேம், ‘செய்வீர்களா, நீங்கள் செய்வீர்களா’ங்கறது எந்த வினா மேம்?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அந்தத் தேர்தலில் ஜெயலலிதா கூட்டத்துக்குக் கூட்டம் பேச்சின் முடிவில் கேட்ட கேள்வி அது. “செய்வோம்” என்று கூட்டம் திருப்பிச் சொல்லும். நானும் சிரித்துவிட்டுத்தான் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். எழுதிப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அது ஏவல் வினா. கேட்பதுபோல் ஏவுவது. ‘வேண்டாம்’ என்றோ ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்றோ பதில் சொல்ல அதில் இடமே இல்லை.

விடை வகைகளில் எனக்குப் பிடித்தது உற்றது உரைத்தல். ‘நீ விளையாடவில்லையா?’ என்று கேட்டால் ‘கால் வலிக்கிறது’ என்பது. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் தனக்கு நடந்ததைச் சொல்வது. என் பெரியம்மா ஒருமுறை கட்சிக் கூட்டமொன்றுக்கு லாரியில் போய்வந்தார். எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை, எல்லாக் கட்சிக்கும் லாரி உண்டு. இருநூறு ரூபாயும் ஒரு பொட்டலமும் கொடுத்தார்களாம். “என்ன பெரியம்மா பேசினாங்க?” என்று கேட்டேன். “தாய்க்குலமே, தாய்க்குலமேன்னாங்கடி. ஒண்ணுக்குப் போக ஒரு மறைவு இல்ல. காலையிலேர்ந்து அடக்கிட்டு உக்காந்திருந்தேன்” என்றார். இத்தனை வருடத்தில் அரசியல் முழக்கம் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதைவிடச் சுருக்கமானது இல்லை.

‘தாய்க்குலம்’ என்ற விளியை யார் முதலில் மேடையேற்றினார்கள் என்று எனக்கு ஆராயத் தோன்றவில்லை. அது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்களில் திருமணமாகாதவள், பிள்ளையில்லாதவள், பிள்ளை வேண்டாம் என்றவள், கல்லூரிக்குப் போகிறவள் எல்லோரையும் ஒரே சொல்லில் தாயாக்கி உட்கார வைக்கிறது. ஆண்களை யாரும் மேடையிலிருந்து ‘தந்தைக் குலமே’ என்று கூப்பிடுவதில்லை. அவர்கள் உடன்பிறப்புகள், தோழர்கள், ரத்தத்தின் ரத்தங்கள். தோளோடு தோள் நிற்கும் சொற்கள் எல்லாம் அவர்களுக்கு. நமக்குக் கும்பிடு வாங்கிக்கொள்ளும் சொல். கும்பிடு வாங்குகிறவர் பேசக்கூடாது என்பது நம் ஊர் வழக்கம்.

தமிழ்நாட்டுத் தேர்தல் முழக்கங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1967-லிருந்து தொடங்குவார்கள். நானும் அங்கேதான் போகவேண்டியிருக்கிறது. “பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?” யாப்பு நடத்துகிறவளாக இதை என்னால் ரசிக்காமல் இருக்க முடியாது. அண்ணாச்சி, என்னாச்சு: இரண்டாம் எழுத்து இரண்டிலும் மெல்லினம், இன எதுகை. முதலமைச்சரை ‘அண்ணாச்சி’ என்று மளிகைக்கடை வாசலுக்கு இறக்கிக்கொண்டு வருகிறது, மரியாதை குறையாமலே மானத்தை வாங்குகிறது. அரிசிப் பஞ்சத்தின்போது இதைவிடக் கூரான கேள்வி இருந்திருக்க முடியாது. அடுத்தது அண்ணாவின் வாக்குறுதி: ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். இங்கே இயைபு. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி தொடங்கினார்கள். நிச்சயம் நடந்தது, லட்சியம் லட்சியமாகவே நின்றது. ஒரு முழக்கம் தனக்குள்ளேயே தன் பின்வாங்கலையும் எழுதி வைத்துக்கொண்டதற்கு இதுபோல நேர்மையான எடுத்துக்காட்டு பிறகு வரவில்லை என்றே சொல்வேன்.

ஆனால் அரிசி விலை என்னாச்சு என்ற கேள்வியை முதலில் கேட்டது யார்? கடையில் காசை எண்ணிக்கொண்டு நின்றவள், படியை அரைப்படியாக்கிக் கஞ்சியில் தண்ணீரைக் கூட்டியவள். அந்த முணுமுணுப்புக்கு எதுகை சேர்த்து மேடையில் முழங்கியவர்களின் பட்டியலில் அவளைத் தேட வேண்டியிருக்கிறது. அடுப்படியின் கேள்வி தெருவுக்கு வந்தபோது குரல் மாறிவிட்டது. கேள்வி வந்தது, கேட்டவள் வரவில்லை. இலக்கணத்தில் இதற்குத் தொக்கி நிற்றல் என்று பெயர்.

அப்படியானால் பெண்கள் முழக்கமே ஆக்கவில்லையா என்றால், ஆக்கியிருக்கிறார்கள். 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் நடந்த பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டம் தீர்மானமாக நிறைவேறியது. தமிழ்நாட்டு அரசியலில் அதிக காலம் நிலைத்த ஒற்றைச் சொல் முழக்கம் அதுதான். சொல் நின்றது. சூட்டியவர்களின் பெயரை வகுப்பில் கேட்டால் ஒரு கைகூட எழுவதில்லை.

இனி, ஒரு பெண்ணே முழக்கத்தின் சொந்தக்காரியாக இருந்த காலத்துக்கு வருவோம். 2014-இல் ஜெயலலிதா கேட்ட இன்னொரு கேள்வி: மோடியா, இந்த லேடியா? மோ, லே இரண்டும் நெடில். இரண்டாம் எழுத்து ‘டி’. குறையே சொல்ல முடியாத எதுகை. தோற்றத்தில் ஐய வினா, உள்ளே அறி வினா. விடை தெரிந்துகொண்டே கேட்பது, ஆசிரியர்கள் செய்வது. 39 தொகுதிகளில் 37 அவருக்கு. அன்று எனக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்ததை மறைக்க மாட்டேன். பல்லாண்டுகள் அவருடைய நடையை, உடையை, திரைப்பட வாழ்க்கையை வைத்து மேடைக்கு மேடை கேவலமாகப் பேசியவர்களைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஒரு பெண் தன்னை ஒரு பக்கத்திலும் நாட்டின் பிரதமர் வேட்பாளரை இன்னொரு பக்கத்திலும் நிறுத்தித் தராசைத் தானே பிடித்தாள் என்பது சிறிய விஷயமில்லை.

அந்தக் குறுகுறுப்பு அடங்கியபிறகு தெரிந்தது ஒன்று. ஊரெல்லாம் ‘அம்மா’. உணவகம், குடிநீர், உப்பு, சிமெண்ட் எல்லாவற்றிலும் ‘அம்மா’. அந்த அம்மா ‘லேடி’ ஆனது எதுகைக்காக. எதுகை கேட்டால் ஒரு பெண் எதுவாகவும் ஆகலாம், அதுவும் தற்காலிகமாக. முதலமைச்சர் என்ற சொல்லுக்கு எதுகை கிடைக்கவில்லை போலும். வேறொன்றும் உண்டு. அந்த லேடிக்குப் பின்னால் வேறு லேடிகள் வரிசையில் இல்லை. 2021-இல் அமைந்த சட்டமன்றத்தில் 234 பேரில் பெண்கள் 12. வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிட நாமே அதிகம்.

2021 தேர்தலை நான் சொற்களின் ஏலம் என்றுதான் நினைவு வைத்திருக்கிறேன். முதலில் மக்கள் நீதி மய்யம் இல்லத்தரசிகளுக்கு ஊதியம் என்றது. ‘ஊதியம்’ என்ற சொல்லைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஊதியம் என்றால் வேலை உண்டு. வேலை என்றால் நேரம், ஓய்வு, விடுப்பு, வேலைநிறுத்தம்கூட உண்டு. பெண்ணியவாதிகள் அரை நூற்றாண்டாக வாதாடிவரும் கருத்து, வீட்டுவேலைக்குக் கூலி வேண்டுமா, அது பெண்ணை வீட்டிலேயே கட்டிப்போடுமா என்று நமக்குள்ளேயே சண்டை போட்டுத் தீராத கருத்து, ஒரு தேர்தல் மேடைக்கு வந்துவிட்டது. பிறகு திமுக மாதம் 1000 ரூபாய் என்றது, அதிமுக 1500 என்றது, அதோடு வாஷிங் மெஷினும் ஆண்டுக்கு ஆறு சிலிண்டரும் சேர்த்தது. தொகை ஏறியது, ‘ஊதியம்’ என்ற சொல் காணாமல் போனது. எந்த மேடையிலும் யாரும் அதைத் தேடவில்லை.

அதற்குப் பதில் வந்த சொல் ‘உரிமைத் தொகை’. நல்ல சொல்தான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ‘உதவி’ என்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரத்தில் தொடங்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதாமாதம் விழுந்த பணம் என்ன செய்தது என்பதை என் தெருவிலேயே பார்க்கிறேன். பூக்கட்டும் அக்கா முதன்முதலாகத் தன் பெயரில் ஏடிஎம் அட்டை வைத்திருக்கிறார். இந்தப் பணத்தை ‘இலவசம்’ என்று உதடு சுழிக்கும் நடுத்தர வர்க்கத்து நண்பர்களோடு எனக்கு இன்னும் சண்டைதான். ஆனால் தமிழ் படித்தவளுக்குத் ‘தொகை’ என்றால் பணம் மட்டுமில்லை. மறைந்து வருவது என்றும் பொருள். மகளிர் உரிமைத் தொகையை விரித்துப் பாருங்கள். உரிமைக்கான தொகையா, உரிமையாகிய தொகையா, உரிமைக்குப் பதிலான தொகையா? உருபு மறைந்திருப்பதால் மூன்றும் பொருந்தும். தேர்தல் மேடைக்கு அது வசதி.

முழக்கத்தில் இருந்தது ‘குடும்பத் தலைவி’. விதிமுறையில் வந்தது ‘தகுதி வாய்ந்த’ குடும்பத் தலைவி. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், இத்தனை ஏக்கருக்குள், குடும்ப அட்டைக்கு ஒருவர். அடைமொழிகள் மேடையில் ஏறுவதில்லை, அரசாணையில்தான் இறங்குகின்றன. அட்டையில் தலைவர் ஆணாக இருந்தால் அவர் மனைவி தலைவியாகக் கருதப்படுவார். அந்தச் செயப்பாட்டு வினையைக் கவனியுங்கள். அவள் தலைவி இல்லை, கருதப்படுகிறாள், அதுவும் விண்ணப்பம் போடும் அளவுக்கு. பெரியம்மா மகன் வீட்டு அட்டையில் இருக்கிறார். பணம் மருமகளுக்கு வந்தது, அதில் தவறொன்றுமில்லை. ஆனால் இரண்டு மாதம் அந்த வீட்டில் இரண்டு பெண்களும் பேசிக்கொள்ளவில்லை. “நாப்பது வருசம் இந்த அடுப்புல வெந்தவ நான். இப்ப நான் தலைவியா, அவ தலைவியா, நீ படிச்சவதானே, சொல்லு” என்று பெரியம்மா என்னிடம் கேட்டார். இது அறியா வினா, உண்மையாகவே விடை தேடியது. எனக்கு விடை தெரியவில்லை. அந்த வீட்டின் ஆண் இரண்டு மாதமும் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

சொல்லை மாற்றினால் பார்வை மாறும் என்று நம்புகிறவர்கள் ‘ஓசி’யை நினைத்துக்கொள்ள வேண்டும். இலவசத்தை ‘விலையில்லா’ என்று மாற்றினார்கள், பெண்களின் பேருந்துப் பயணத்தைக் ‘கட்டணமில்லா’ என்று பேருந்தில் எழுதினார்கள். 2022-இல் ஒரு அமைச்சர் மேடையிலேயே அதை ‘ஓசி’ என்றார். பிறகு விளக்கங்கள் வந்தன. முழக்கம் எழுதுவது ஒரு வாய், பேசுவது வேறு வாய் என்பது அன்று எல்லோருக்கும் கேட்டது.

கடைசியாக என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2022 பிப்ரவரி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பேரூராட்சி வார்டு ஒன்றில் சுயேச்சையாக நிற்கிறாள். பெண்கள் (பொது) வார்டு. இவள் தலித். அந்தத் துணிச்சலே எனக்குப் பெரிதாகப்பட்டது. “நோட்டீசுக்கு ஒரு வரி வேணும் மேம். நீங்கதான் கவிஞராச்சே.” அச்சகத்துக் கணினியில் தயார் வரிகள் இருந்தனவாம், பெயரை மட்டும் மாற்றினால் போதும். பெண் வேட்பாளர்களுக்கு ‘உங்கள் வீட்டு மகள்’. கையெடுத்துக் கும்பிடும் படத்தோடு.

“அதையே போட்டிருக்கலாமே” என்றேன், சோம்பேறித்தனமாக.

“வார்டுல நாலு தெரு மேம். ரெண்டு தெருவுல எந்த வீட்டுக்குள்ளயும் நான் போனதில்ல. திண்ணையோட சரி. அவங்க வீட்டு மகள்னு நான் எப்படி மேம் போடறது? சிரிப்பாங்க. சிரிச்சாக்கூடப் பரவாயில்ல.”

அன்றிரவு நாற்பது வரி எழுதினேன். மோனை வந்தது, எதுகை வந்தது, இரண்டு கவிதைத் தொகுப்பு போட்டவளின் பழக்கம் எல்லாம் வந்தது. ஒவ்வொன்றிலும் அவள் யாருக்காவது மகளாகவோ சகோதரியாகவோ விளக்காகவோ விடியலாகவோ இருந்தாள். வேட்பாளராக ஒன்றில்கூட இல்லை. மேடைப் பேச்சாளர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்த என் கையும் அதே அச்சகத்துக் கணினிதான் என்று தெரிந்தபோது எழுதுவதை நிறுத்தினேன். காலையில் அவளிடம், “என்னால முடியலம்மா. நீ என்ன செய்யப்போறியோ அதையே போடு” என்றேன்.

அவள் போட்டது: “குப்பை வண்டி நாலு தெருவுக்கும் வர வேண்டும். இப்போது இரண்டு தெருவுக்குத்தான் வருகிறது. மன்றத்தில் இதைக் கேட்பேன்.” எதுகை இல்லை, மோனை இல்லை. தன்மை ஒருமை வினைமுற்று ஒன்று இருந்தது. நோட்டீசைக் கையில் வாங்கியவர்கள் என்ன முகம் காட்டினார்கள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாற்பத்துமூன்று வாக்கில் தோற்றாள். ஜெயித்தவரின் நோட்டீசில் கணவர் படம் பெரிதாகவும் அவர் படம் சிறிதாகவும் இருந்தது, கீழே ‘உங்கள் வீட்டு மகள்’. முடிவு வந்த அன்று போனில் பேசினாள். குரல் உடையவில்லை. வண்டிக்காக மனு எழுதித் தரச் சொன்னாள். சரி என்றேன். வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் தயங்கிவிட்டுக் கேட்டாள்:

“மேம், அடுத்த தடவை கொஞ்சம் ரைமிங்கா போட்டுப் பாக்கலாமா?”